விடுப்பில் வந்த மொட்டை மாமா

அவன் பெட்டியோடு படியேறி வந்து வாசலில் நின்றபோது மகள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். "யாரு வந்திருக்காங்க பாரு குட்டி" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள். குட்டி ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டி, வந்த ஆளை மேலிருந்து கீழ் வரை அளந்து பார்த்துவிட்டு, "மொட்டை மாமா" என்றாள்.

அவன் முகம் ஒரு கணம் விழுந்துவிட்டது. பிறகு சிரித்துச் சமாளித்தான்.

மொட்டை மாமா என்பவர் டிவியில் தினமும் சாயங்காலம் வருகிற கார்ட்டூன்காரர். மயிரே இல்லாத தலை, ஊதின கன்னம், எந்நேரமும் கையில் ஒரு துடைப்பம். அவர் வீட்டில் ஓர் எலி. பெயர் துளியூண்டு. மாமா பொறி வைத்தால் பொறி மாமாவின் மூக்கையே கவ்வும். மாமா சட்டியை ஓங்கினால் சட்டி அவர் தலையிலேயே விழுந்து, தலை தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும். அவர் இரண்டு குலுக்கு குலுக்கினால் தலை பழையபடி உருண்டையாகிவிடும். துளியூண்டு அலமாரி மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். குட்டியும் சிரிப்பாள். அம்மா சமையலறையிலிருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டபடி, இந்த வீட்டில் இன்னொரு ஆள் சிரித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

அவன் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். எஞ்சின் அறையின் வெக்கைக்குத் தலைமுடி தாங்காது என்று மழித்துவிட்டிருந்தான். வருஷத்தில் முக்கால்வாசி கடலில், மிச்சம் வீட்டில். குட்டிக்கு ஆறு வயது முடியப்போகிறது. அதில் அப்பாவை நேரில் பார்த்த நாட்களைக் கூட்டினால் ஒன்றரை வருஷம்கூட நிறையாது.

மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்த பவருக்கு ஏற்ப லென்ஸை பிரேமின் அளவுக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, கடுகளவு திருகுகளை முடுக்கிக் கொடுப்பது. நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராத வேலை. கை அதன் பாட்டுக்கு வேலை செய்யும், மனம் அதன் பாட்டுக்குக் கப்பலோடு போகும். அவன் வந்தால் என்னென்ன பேச வேண்டும் என்று மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். பால்கனியில் ஒற்றை நாற்காலிதான் இருந்தது. அவன் வருவதற்கு முந்தின வாரம் இன்னொன்று வாங்கிப் போட்டாள்.

வந்தவன் விருந்தாளி மாதிரி இருந்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"டம்ளர் எங்க இருக்கு?"

"அந்த மேல் தட்டுலதான்."

"குளிக்கப் போலாமா, யாராவது போறீங்களா?"

"போங்க. உங்க வீடுதானே."

டீ கொண்டுவந்து கொடுத்தால் "தேங்க்ஸ்" என்றான். கப்பலில் எந்த நாட்டு ஆளோ தட்டை நீட்டினால் சொல்லிப் பழகின சொல், தானாக வாயில் வந்துவிட்டது. அவளுக்குச் சுருக்கென்றது. பால்கனியில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்த்தார்கள். "அப்புறம்?" என்றான் அவன். "அப்புறம் நீங்கதான் சொல்லணும்" என்றாள் அவள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. சேர்த்து வைத்ததெல்லாம் எந்த மூலையில் போய் ஒளிந்ததோ. படுக்கையில் குட்டி இரண்டு பேருக்கும் நடுவில் குறுக்காகப் படுத்துக்கொண்டாள், எல்லைக் காவல் மாதிரி. வெயில் காலத்தில்கூட அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. கேட்டதற்கு, "எஞ்சின் ரூம் சூட்டுலயே கெடந்துட்டு இங்க வந்தா குளிருது" என்றான்.

குட்டிக்கு அவன் பஞ்சு முயல் ஒன்று வாங்கி வந்திருந்தான். அவள் அதைத் தொடாமல் சோபா மூலையில் வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் காலை பார்த்தால் முயலின் ஒரு காது இல்லை. பஞ்சு தரையெல்லாம் இறைந்து கிடந்தது.

"வீட்ல எலி இருக்கா?" என்று அவன் கேட்டான்.

"இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"மழை சீசன்லேர்ந்து."

"போன்ல சொல்லவே இல்லையே."

"சொல்லி? கப்பல்லேர்ந்து குதிச்சு நீந்தியா வந்திருப்பீங்க?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அது வேடிக்கையாக இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவன் எழுந்து சட்டைக் கையின் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, "சரி, அத நான் பாத்துக்கறேன்" என்றான். வந்த நாளிலிருந்து அவன் குரலில் இல்லாத தெம்பு அப்போதுதான் வந்தது. வீட்டில் அவனுக்கென்று ஒரு வேலை கிடைத்துவிட்டது.

குட்டி சோபாவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "துளியூண்டா?" என்றாள்.

"ஆமா. துளியூண்டுதான்."

"உன்னால பிடிக்க முடியாது" என்றாள் குட்டி, தீர்ப்பு சொல்வது போல.

அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அப்பா என்று நினைத்து அல்ல. மொட்டை மாமா என்று நினைத்துப் பேசியது. ஆனாலும் பேசினாள்.

முதலில் ஸ்பிரிங் பொறி. கடைத்தெருவிலிருந்து வாங்கி வந்து, ரொட்டித் துண்டைச் செருகி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தான். எத்தனையோ டன் எடையுள்ள எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவன், வைத்த இடத்தை ஒரு மணி நேரத்தில் மறந்துபோனான். ஃபிரிட்ஜ் ஏன் இவ்வளவு உறுமுகிறது என்று பார்க்கப் பின்னால் கால் வைத்தான். டப் என்று ஒரு சத்தம். அவன் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தான், பெருவிரலில் பொறி, பொறியில் இன்னும் ரொட்டித் துண்டு. குட்டி சிரிக்கக் கூடாது என்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களுக்கிடையில் சிரிப்பு பீறிட்டது.

அடுத்து பசை அட்டை. எலி காலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரன் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தான். அன்று அவள் மதியச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது, அவன் கூடத்து நடுவில் ஒரு நாரை மாதிரி நின்றுகொண்டிருந்தான். இடது காலில் அட்டை. அதைப் பிய்க்கப் போன வலது கையிலும் அட்டையின் மறுபாதி. கையை விடுவிக்க வைத்த செய்தித்தாள் முழங்கையில். காற்றில் பறந்து வந்த ஜன்னல் திரை முதுகில்.

"என்ன கோலங்க இது?"

"ஒண்ணுமில்ல. நீ சாப்புடு" என்றான், ஒன்றும் நடக்காதவன் போல.

"எண்ணெய் தடவினா போயிடும்னு நான் சொன்னேன்" என்றாள் குட்டி. "கேக்கவே இல்ல."

அம்மா சமையல் எண்ணெயை எடுத்துவந்து, அவனைச் சோபாவில் உட்கார வைத்து, காலடியில் உட்கார்ந்தாள். பாதத்தைத் தன் மடியில் வைத்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தாள். கடையில் லென்ஸைப் பிடிக்கிற அதே கவனம். கல்யாணமான புதிதில் இதே பாதத்தில் முள் எடுத்துவிட்டிருக்கிறாள். குதிகால் இப்போது பாறையாக இருந்தது, ஓரத்தில் கறுப்பு எண்ணெய் எந்தச் சோப்புக்கும் போகாதபடி ஊறிப்போயிருந்தது. அவன் கூச்சத்தோடு காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். "ஆடாம இருங்க" என்று அதட்டினாள். இந்த அதட்டல் இப்படியே கொஞ்ச நேரம் நீளாதா என்று இருந்தது அவளுக்கு. கால் விடுபட்டது. எழுந்தவன் எண்ணெயில் வழுக்கி, எழப்போன அவளைப் பிடிக்கப் போய், அவளோடு சேர்ந்து தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

கீழே தரையை யாரோ கம்பால் இடித்தார்கள். அதாவது இவர்களுடைய தரையை, தன் வீட்டுக் கூரை வழியாக. கீழ்வீட்டு அக்கா ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்க்கிற நர்ஸ். பகலில்தான் தூங்குவாள். தூக்கம் கலைந்தால் யாராக இருந்தாலும் விடமாட்டாள்.

குட்டியின் அம்மா எண்ணெய்ப் புடவையை மாற்றிக்கொண்டு கடைக்கு ஓடினாள். அன்று மதியம் முழுக்கச் சூடான மணல் தட்டில் பிரேம்களைச் செருகி வளைத்துக்கொண்டே தனியாகச் சிரித்தாள். "என்னம்மா, நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்லையே" என்றார் முதலாளி.

"வீட்ல எலிங்க" என்றாள்.

"எலிக்கா சிரிப்பாங்க?"

வீட்டில் போர் முற்றியது. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர், மேலே குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் சுழலும் பாட்டில், பாட்டில் முதுகில் வேர்க்கடலை விழுது என்று ஓர் இயந்திரம் கட்டினான். ஏறுவதற்குச் சாய்வுப் பலகைகூட வைத்தான். குட்டி உதவி இஞ்சினியர். டிவியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தபோதுகூட அவள் வாளியை விட்டு நகரவில்லை. காலையில் பார்த்தால் விழுது சுத்தமாக நக்கப்பட்டிருந்தது, தண்ணீரில் ஓர் ஈ மட்டும் மிதந்தது. "அது பாட்டில் மேல ஏறல. கம்பி மேலயே உக்காந்து சாப்பிட்டிருக்கு" என்று குட்டி ஆராய்ந்து சொன்னாள். "அறிவாளிப்பா அது" என்றான் அவன், எதிரியை மெச்சும் குரலில். இரண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்து, ஒரே டார்ச்சில் அடுப்பு மேடைக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைத் தலையும் இரட்டைப் பின்னலும் ஒட்டிக்கொண்டு.

அவள் கதவோரம் நின்று பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு சேர்த்து ஒரு சின்ன எரிச்சலும் இருந்தது. அவனோடு தானும் அப்படிப் படுத்துக் கிடக்க ஓர் எலி கிடைக்காதா என்ற எரிச்சல். பால்கனி நாற்காலிகள் இரண்டும் வெயிலில் சும்மா கிடந்தன. விடுப்பு கரைந்துகொண்டிருந்தது.

கடைக்கு விடுமுறை நாள் ஒன்றில் அது நடந்தது. எலி பட்டப்பகலில் கூடத்தைக் கடந்து, திரைச்சீலையில் ஏறி, பீரோவின் தலையில் போய் உட்கார்ந்தது. அவன் பூப்பந்து மட்டையோடு ஸ்டூல் மேல் ஏறினான். "மெதுவாங்க, ஸ்டூல் ஆடுது" என்று அவள் ஸ்டூலைப் பிடித்தாள். குட்டி சோபா மேல் நின்று, "வலது பக்கம், வலது பக்கம் மாமா" என்று கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வீசினான். மட்டை எலி மேல் படவில்லை, பீரோ மேலிருந்த கப்பல் பெட்டியின் மேல் பட்டது. பெட்டி சரிந்தது. அவன் பெட்டியைத் தாங்கினான், ஸ்டூல் அவனைத் தாங்கவில்லை. அவன், பெட்டி, மட்டை, திரைச்சீலை, அதன் கம்பி எல்லாமாகக் கீழே வந்தன. எலி அவன் மொட்டைத் தலையில் ஒரு கால் வைத்துக் குதித்து ஓடியது.

குட்டி கைகொட்டிச் சிரித்தாள். அவன் எழுந்து இரண்டு குலுக்கு குலுக்குவான் என்று காத்திருந்தாள். அவன் எழவில்லை. வலது சட்டைக் கை மணிக்கட்டிலிருந்து மேலே வரை சிவப்பாக நனைந்துகொண்டு வந்தது. திரைக் கம்பியின் முனை கிழித்திருந்தது.

குட்டியின் சிரிப்பு அப்படியே நின்றது. கார்ட்டூனில் ரத்தம் வராது.

"அப்பா" என்று கத்தினாள். சோபாவிலிருந்து குதித்து ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா எந்திரி" என்று அழுதாள்.

"ஒண்ணுமில்லடா. ஒண்ணுமே இல்ல" என்றான் அவன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது. கை வலியால் அல்ல என்று அவளுக்குத் தெரியும்.

அதற்குள் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. கீழ்வீட்டு அக்கா, கலைந்த தலையும் மூக்குக்கு மேல் கோபமுமாக நின்றாள். "மனுஷங்க தூங்க வேண்டாமா? மேல என்ன குத்துச்சண்டையா நடக்குது?" என்று ஆரம்பித்தவள் ரத்தத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டாள். "தள்ளும்மா. தம்பி, கையத் தூக்கிப் பிடிங்க. பஞ்சு இருக்கா வீட்ல? சட்டையக் கழட்டுங்க."

"சட்டை வேண்டாம்க்கா. கைய மட்டும் மடிச்சு விட்டுக்கறேன்."

"வெட்டு முழங்கைக்கு மேல போயிருக்கு, மடிச்சு விடறாராம்ல. கழட்டுங்க."

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு வேறு வழியில்லாமல் கழற்றினான்.

இடது தோளிலிருந்து முழங்கை வரை தோல், தோலாக இல்லை. உருகி மறுபடி இறுகினது போல, ரோஜா நிறத்தில் மினுங்கிச் சுருங்கிக் கிடந்தது. அவள் கையிலிருந்த பஞ்சுச் சுருள் கீழே விழுந்து உருண்டது.

"இது ஆவி பட்ட புண்ணு" என்றாள் அக்கா, புதுக் காயத்தைத் துடைத்துக்கொண்டே. நோயாளியிடம் பேசிப் பழகின வாய் அதன் போக்கில் போனது. "பெரிசால்ல இருக்கு. ஒரு வருஷம்கூட இருக்காது போல. எத்தன நாள் படுக்கையில இருந்தீங்க?"

அவன் கழற்றிய சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

"எந்தக் குடும்பத்துலயும் அப்படித்தான்" என்று அக்கா கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஒருத்தருக்கு ஒண்ணு வந்தா இன்னொருத்தர் பக்கத்துல இருக்கறதில்ல. குட்டிக்கு மூச்சுத் திணறல் வந்து எங்க வார்டுல சேத்தப்பவும் பாருங்க, இவ ஒருத்தியாத்தான் ராவும் பகலுமா உக்காந்திருந்தா. ஆக்ஸிஜன் வச்ச அன்னிக்கு என் கையப் புடிச்சவ விடவே இல்ல."

இப்போது அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

அக்கா இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தரிக்கோலை மெதுவாக மடக்கினாள். "நான் போறேன்" என்றாள். "தண்ணி படாமப் பாத்துக்கோங்க." வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிப் போனாள்.

குட்டி அழுத அசதியில் அப்பாவின் மடியிலேயே தூங்கிப்போனாள். அவளைப் படுக்க வைத்துவிட்டு அவன் சமையலறைக்கு வந்தான். அவள் கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"எப்ப?" என்றாள், திரும்பாமல்.

"பைப் ஒண்ணு வெடிச்சிருச்சு. போன குளிருக்கு."

"நடுவுல ரெண்டு வாரம் போனே வரலையே. சிக்னல் இல்லேன்னீங்களே. அப்பவா?"

"துறைமுகத்து ஆஸ்பத்திரில இருந்தேன். கையத் தூக்க முடியல. நீ வீடியோவுல பாத்தா பயந்துடுவேன்னு..."

"அந்த ரெண்டு வாரமும் நான் என்ன பண்ணேன் தெரியுமா?" அவள் குழாயை மூடினாள். "போனையே பாத்துட்டு உக்காந்து, ஒரு அம்மாவோட லென்ஸ வலதுக்கு இடது மாத்தி வெட்டிட்டேன். அந்தம்மா படியில தடுமாறி வந்து கடையில சண்ட. எனக்கு அவங்க சொல்றது ஒண்ணும் காதுல விழல. மனசுல உங்களைக் கடல்ல போட்டுட்டேன். தெனமும் போட்டேன்."

அவன் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றான்.

"நீயும் சொல்லலையே" என்றான். "ஆக்ஸிஜன் வைக்கற அளவுக்கு இருந்திருக்கு. அன்னிக்கு என்கிட்ட பேசினியா இல்லையா?"

"பேசினேன்."

"என்ன சொன்ன?"

"நல்லா இருக்கோம்னு சொன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ பால்காரனோடு பேசும் சத்தம் கேட்டது. அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். கட்டுப் போட்ட கையை விட்டுவிட்டு மறு கையைத் தொட்டாள். அந்தச் சுருங்கின தோல் மேல் விரலை வைத்தாள். லென்ஸின் ஓரத்தில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது அவள் வழக்கம். அதுபோல் தோளிலிருந்து முழங்கை வரை மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தாள்.

"இப்ப வலிக்குதா?"

"அந்த எடத்துல உணர்ச்சியே இல்ல."

"நான் தொடறது தெரியலையா?"

"தெரியல" என்றான். "ஆனா பாத்துட்டு இருக்கேன்ல."

அவளுக்கு அழுகை வந்தது. அவன் நெஞ்சில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். சேர்த்து வைத்துக் காணாமல் போயிருந்த பேச்செல்லாம் அன்று சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. அவள் படியில் விழுந்தது, வீட்டுக்காரர் வாடகை ஏற்றியது, அவன் கப்பலில் ஒரு நண்பன் இறந்துபோனது, இனி கடலுக்கு வேண்டாம் என்று அவன் பலமுறை நினைத்தது, நினைத்ததைத் தனக்குள்ளேயே விழுங்கினது. பால்கனிக்குப் போக மறந்து சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"வேண்டாம்னா விட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள்.

"இன்னும் ஒரு தடவ போயிட்டு வரேன். கரையில ஏதாவது ஒர்க்‌ஷாப்ல கேட்டுட்டுத்தான் இருக்கேன். கெடச்சா வந்துடுவேன்."

"கெடைக்கலேன்னா?"

அவன் பொய் சொல்லவில்லை. "தெரியல" என்றான்.

எலி என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அவன் கையில் கட்டோடு பலவிதமாக வியூகம் வகுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் காலை, கீழ்வீட்டு அக்கா மேலே வந்தாள். கையில் ஆஸ்பத்திரிப் பீங்கான் பேசின், அதன் மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் அவளுடைய உள்ளங்கை.

"உங்க ஆளு தண்ணிக் குழாய் வழியா என் வீட்டுக்கு வந்துட்டாரு" என்றாள். "டூட்டி முடிச்சு வந்து சோறு போட்டு உக்காந்தேன், தட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னாரு. கவுத்துட்டேன்."

"அவ்வளவுதானா?" என்றான் அவன்.

"வேற என்ன பண்ணணும்?"

பொறி, பசை, வாளி, மட்டை, அறுபத்துநாலு கலைகளும் தெரிந்த ஃபிட்டர் வாயைப் பிளந்து நின்றான். மூன்று பேரும் பேசினை ஏந்திக்கொண்டு தெருக்கோடியில் வேலி போட்டிருந்த காலி மனைக்குப் போனார்கள். தட்டை எடுத்ததும் எலி கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பார்க்கப்போனால் மெலிந்த, சாதாரண எலி. பிறகு புல்லுக்குள் போய்விட்டது. குட்டி டாட்டா காட்டினாள். திரும்பும்போது அப்பாவின் நல்ல தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

விடுப்பு முடிந்தது. கிளம்புகிற அன்று குட்டி கதவுக்குப் பின்னால் ஒளியவில்லை. அவன் ஷூ ஒன்றை எடுத்து ஒளித்து வைத்தாள். தேடி எடுக்க வெகுநேரம் பிடித்தது. டாக்ஸி கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் படியிறங்கும்போது மனைவியின் தலையில் கையை வைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போனான். அவள் அன்று மதியமே கடைக்குப் போனாள். முடுக்கிய திருகுகள் ஒன்றும் துளையில் சரியாக உட்காரவில்லை. முதலாளி கண்டும் காணாதது போல் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் அழைத்தான். போனைக் குட்டி பறித்துக்கொண்டாள். பள்ளிக்கூடம், விழுந்த பல், கீழ்வீட்டு அக்கா வாங்கித் தந்த ரிப்பன் என்று அவள் பேச்சு நிற்பதாக இல்லை. "அப்பா, கப்பல்ல எலி இருக்கா? எப்படிப் பிடிப்பீங்க? நீ போகாத, வேற யாரையாவது அனுப்பு" என்று அறிவுரை வேறு. அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தாள். முன்பெல்லாம் குட்டி போனைத் தொடவே மாட்டாள், அந்தக் கொஞ்ச நேரமும் அம்மாவுக்குத்தான். இப்போது மகளுக்கு அப்பா கிடைத்துவிட்டான். அதில் தன் பங்கு சுருங்கிவிட்டதே என்று நினைக்கவும் வெட்கமாக இருந்தது, நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

அந்த ஞாயிறு குட்டி போனை நீட்டி, "அம்மா, உன்கிட்ட" என்றாள். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். "சொல்லு" என்று அவன் குரல் வந்தது. இரைச்சலில் பாதி கரைந்து, ஆனால் அவனுடையதுதான். "கேக்குதா?" என்றாள். அவனுக்குக் கேட்கவில்லை. கப்பல் துறைமுகத்தை விட்டு நகர்ந்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்துபோனது.

பால்கனிக்குப் போய் நின்றாள். மறுபடி அழைத்துப் பார்த்தாள், கிடைக்கவில்லை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். பாத்ரூம் குழாய் ஒழுகுது, ஆள் வரச் சொல்லியிருக்கேன். குட்டிக்கு ரெண்டு நாளா இருமல், டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டோம், பயம் இல்ல. எனக்குத்தான் இன்னைக்கு காலைலேர்ந்து காரணமே இல்லாம அழுகையா வருது. ஒர்க்‌ஷாப் விஷயம் என்ன ஆச்சு? உங்க கை எப்படி இருக்கு? நெஜத்தச் சொல்லுங்க.

அனுப்பினாள். போய்ச் சேர்ந்த அடையாளம் வரவில்லை. கரை தெரிகிற இடம் வரும்போது போய்ச் சேரும். உள்ளே குட்டி சாப்பாடு கேட்டாள். அவள் போனைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்து போனாள்.